சூளையில் பிள்ளை, தறியில் பிள்ளை, கடையில் பிள்ளை: எந்த வழியில் மீட்பது, எங்கே சேர்ப்பது?

திருத்தணி, பள்ளிப்பட்டு, ஊத்துக்கோட்டைப் பக்கமும், ஆந்திர எல்லை தாண்டினால் நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கமும் பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகள் வேலை செய்யும் இடங்களைப் பெரும்பாலும் மூன்றாகப் பிரித்துவிடலாம். செங்கல் சூளை, விசைத்தறி ஓடும் வீடு, கடைத்தெரு ஓட்டலும் பட்டறையும். இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்துவிட்ட வார்டு உறுப்பினரோ, மகளிர் குழுவோ, தலைமை ஆசிரியரோ உடனே கேட்பது, யாரிடம் போவது என்றுதான். 1098 குழந்தைகள் உதவி எண்ணைக் கூப்பிடுவதா, லேபர் ஆபீசில் மனு கொடுப்பதா, வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.வைப் பார்ப்பதா, போலீசுக்குச் சொல்வதா, வம்பு வேண்டாமென்று முதலாளியிடமே பேசிப் பார்ப்பதா? பிள்ளை வெளியே வந்த மறுநாள் இன்னொரு கேள்வி வந்து நிற்கும். பக்கத்துப் பள்ளியில் நேராகச் சேர்ப்பதா, தங்கிப் படிக்கும் சிறப்புப் பயிற்சி மையத்துக்கு அனுப்புவதா?

எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தும் ஒரே விடை இதில் இல்லை. அந்தப் பிள்ளையை அங்கே கட்டிவைத்திருப்பது எது என்பதை வைத்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சூளையில் அது முன்பணம். தறி வீட்டில் அது கூலிக்கு நெய்ய வேண்டிய அவசரம். கடையில் அது மாதச் சம்பளம். இதைப் பார்க்காமல் அவசரத்தில் ஒரு நம்பரை அழுத்தினால் பிள்ளை வெளியே வந்துவிடும், கட்டு மட்டும் அவிழாது. அடுத்த மாதமே அதே இடத்திலோ, எல்லைக்கு அந்தப் பக்கம் வேறொரு சூளையிலோ அதே பிள்ளையைப் பார்க்க வேண்டி வரும்.

உலகம் இதைப் பெரிய விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில், பிள்ளைகள் உழைத்துச் செய்த பொருளை அமெரிக்காவுக்குள் இறக்குமதி செய்யக் கூடாது என்று செனட்டர் டாம் ஹார்க்கின் ஒரு மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவே இல்லை. ஆனால் அந்தப் பயத்திலேயே வங்கதேசத்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் ஏறக்குறைய 50,000 பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டன. அவர்களில் பலர் பள்ளிக்குப் போகவில்லை. கல்லுடைக்கவும் தெருவில் விற்கவும் அதைவிட மோசமான வேலைகளுக்கும் போனார்கள் என்று யுனிசெஃப் பதிவு செய்தது. 1995 ஜூலையில் ஆடை உற்பத்தியாளர் சங்கமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வும் யுனிசெஃப்பும் ஒப்பந்தம் போட்டு, முதலில் பள்ளியில் இடம், கூடவே மாத உதவித்தொகை, அதன் பிறகுதான் வேலையிலிருந்து நீக்கம் என்று வரிசையை மாற்றிய பிறகே நிலைமை சீரானது. 2000-ல் உலகில் 24.6 கோடியாக இருந்த குழந்தைத் தொழிலாளர் எண்ணிக்கை 2024-ல் 13.8 கோடி என்கிறது ஐ.எல்.ஓ.வும் யுனிசெஃப்பும் 2025 ஜூனில் வெளியிட்ட மதிப்பீடு. 2025-க்குள் அடியோடு ஒழிப்போம் என்று ஐ.நா.வில் நாடுகள் வைத்த இலக்கு தவறிவிட்டது. மிச்சமிருக்கும் பிள்ளைகளில் பாதிக்கு மேல், 61 சதவீதம், விவசாயத்தில். பெற்றோரோடு சேர்ந்து, சம்பளப் பட்டியலில் பேர் இல்லாமல் வேலை செய்யும் பிள்ளைகள் இதில் ஏராளம். நம் பக்கத்துச் சூளைப் பிள்ளையும் அப்படிப் பேர் இல்லாத பிள்ளைதான்.

முன்பணம் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி

புகார் கொடுக்கும் முன் பெற்றோரிடம் பேசிவிட வேண்டும். சூளைக்குள் போய்ப் பேசக் கூடாது. மேஸ்திரி காதில் விழும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவை நல்ல இடங்கள். நான்கு விஷயம் தெரிந்தால் போதும். எவ்வளவு முன்பணம், யார் கையில் வாங்கியது? ஊரில் சாவு, திருவிழா என்றால் குடும்பம் முழுவதும் போய்வர முடியுமா, இல்லை ஒருவரைப் பிடித்து வைத்துக்கொண்டு மற்றவரை அனுப்புகிறார்களா? கூலி அதிகம் தருகிற வேறு இடத்துக்குப் போகலாமா? ரேஷன் கார்டும் ஆதாரும் யாரிடம் இருக்கின்றன?

வாங்கிய பணத்துக்காக இடம் மாற முடியவில்லை, அல்லது குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை என்றால் அது கொத்தடிமை முறை. 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்தவர் பொறுப்பு (பிரிவு 15). குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்பு என்று 1982-லேயே உச்ச நீதிமன்றம், ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் பற்றிய ஆசியாட் வழக்கில் சொல்லிவிட்டது.

சூளையில் பெற்றோர் ஏன் பிள்ளையை இறக்குகிறார்கள் என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் யாரும் அவர்களைத் திட்ட மாட்டார்கள். எளிமைக்காக இப்படி வைத்துக்கொள்வோம். முன்பணம் 40,000 ரூபாய், ஆயிரம் கல்லுக்குக் கூலி 800, வாரச் செலவுக்கு மேஸ்திரி கொடுப்பது 2,500. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் சேர்ந்து நாளுக்கு 1,000 கல் அறுத்தால் ஆறு நாளில் 4,800 ரூபாய். செலவு போக 2,300 கடனில் கழியும். பதினெட்டு வாரத்தில் கடன் தீர்ந்துவிடும். அதே பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விட்டால் அச்சுக்கு மணல் தூவவும், விரித்த கல்லைப் புரட்டவும், அடுக்கவும், கைக்குழந்தையைப் பார்க்கவும் பெரியவர்கள் நேரம் போகும். நாளுக்கு 700 கல் என்றால் வாரம் 3,360. செலவு போக மிஞ்சுவது 860. பொங்கல் கழிந்து மழை வரும்வரை 22 வாரம் சூளை ஓடினாலும் 19,000 ரூபாய்கூடக் கழியாது. மீதி 21,000 ரூபாயோடு அடுத்த வருடமும் அதே சூளை. இலவசச் சீருடையும் சத்துணவும் நல்லவைதான், வேண்டியவைதான். ஆனால் இந்த 21,000 ரூபாயை அவற்றால் அசைக்க முடியாது. அதை அசைப்பது ஒரே ஒரு காகிதம், கொத்தடிமையிலிருந்து விடுவித்ததாக ஆர்.டி.ஓ. கொடுக்கும் விடுவிப்புச் சான்று.

சூளை: 1098-ஆ, ஆர்.டி.ஓ.வா?

1098 வேகமானது. இலவச எண், இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். 2023 முதல் அரசே நேரடியாக நடத்துகிறது. 112 அவசர எண்ணோடும் இணைத்திருக்கிறார்கள். மீட்ட பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்தியாக வேண்டும். ஆனால் இந்த வழி பிள்ளையைத்தான் பார்க்கும், குடும்பத்தின் கடனைப் பார்க்காது. பெற்றோர் சூளையிலேயே நிற்க, பிள்ளை மட்டும் இல்லத்துக்குப் போகும். தாய்க்கு அது மீட்பு இல்லை, பறிப்பு. அவர் அடுத்த நாளே குழுவின் வாசலில் நின்று பிள்ளையைக் கேட்பார். கொடுத்தால் பிள்ளை சூளைக்குத் திரும்பும். கொடுக்காவிட்டால் தாயும் பிள்ளையும் பிரிந்து கிடப்பார்கள். இரண்டுமே தோல்விதான்.

ஆர்.டி.ஓ. வழி மெதுவானது. மனு எழுத வேண்டும், ஆதாரம் சேர்க்க வேண்டும், சில நாள் காத்திருக்க வேண்டும். கிடைப்பது பெரிது. குடும்பமே வெளியே வரும், கடன் ரத்தாகும், உடனடி நிவாரணமாக ஆளுக்கு 30,000 ரூபாய் வரை மாவட்ட நிதியிலிருந்து கொடுக்கலாம். இதற்கென்று மாவட்டத்தில் குறைந்தது 10 லட்ச ரூபாய் நிலையான நிதி வைத்திருக்க வேண்டும் என்பது மத்திய அரசுத் திட்டத்தின் விதி. முழு மறுவாழ்வுத் தொகை வயது வந்த ஆணுக்கு 1 லட்சம். பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம். கடத்தல், பாலியல் சுரண்டல் போன்ற கொடுமைகளில் 3 லட்சம். இந்தப் பெரிய தொகை வழக்கு முடியும்வரை இழுக்கும். உடனடி நிவாரணம் வழக்குக்குக் காத்திருக்கத் தேவையில்லை, அதை அன்றே கேட்டு வாங்க வேண்டும்.

ஆகவே சூளையில், பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து இருந்தால், ஆர்.டி.ஓ. வழியே சரி. 1098-ஐ முதலில் கூப்பிட வேண்டிய நிலைமைகளும் உண்டு. பிள்ளைக்கு அடி, காயம், காய்ச்சல். பெண் பிள்ளையிடம் யாராவது தவறாக நடந்தார்கள் என்ற சந்தேகம். பெற்றோர் இல்லாமல் மாமன், சித்தப்பன் என்று யாரோடோ வந்த பிள்ளை. இன்று ராத்திரியே வண்டி ஏற்றிவிடுவார்கள் என்ற தகவல். இவற்றில் ஒரு மணி நேரம்கூடத் தள்ளக் கூடாது.

போலீஸ் நிலையத்துக்கு முதலில் போனால் பெரும்பாலும் இதைக் கொடுக்கல் வாங்கல் தகராறாகத்தான் பார்ப்பார்கள். வாங்கிய பணத்தைக் கொடுத்துவிட்டுப் போ என்று பஞ்சாயத்து பேசிவிடும் அபாயம் இருக்கிறது. முதல் தகவல் அறிக்கை வேண்டும்தான், ஆனால் ஆர்.டி.ஓ. விசாரணையோடு சேர்த்து. சூளை முதலாளியிடம் நல்லதனமாகச் சொல்லிப் பார்ப்பது இந்த இடத்தில் மட்டும் கூடவே கூடாது. அது அவருக்கு ஒரு ராத்திரியைக் கொடுக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் போக ஒரு மினி லாரியும் அரை மணி நேரமும் போதும்.

மனுவில் என்ன இருக்க வேண்டும்? சூளையின் இருப்பிடம், அதற்குப் போகும் மண்பாதை எந்தச் சாலையில் எந்தக் கல்வெர்ட்டை ஒட்டிப் பிரிகிறது, எத்தனை குடும்பம், பிள்ளைகள் எத்தனை பேர், எந்த நேரத்தில் வேலை. சூளை வேலை விடியற்காலை இரண்டு மூன்று மணிக்கே தொடங்கிவிடும். பதினோரு மணிக்கு வரும் அதிகாரி தூங்கும் பிள்ளைகளைத்தான் பார்ப்பார், இங்கே யாரும் வேலை செய்யவில்லை என்று எழுதிவிட்டுப் போவார். செங்கல் நடுவில் உள்ள பள்ளத்தில் அந்தச் சூளையின் எழுத்து அச்சாகியிருக்கும். பெயர்ப்பலகை இல்லாத சூளையை அடையாளம் காட்ட அந்தக் கல் ஒன்றின் படம் போதும். பேசும் மொழியையும் எழுத வேண்டும். தமிழ், தெலுங்கு பேசும் இருளர், ஏனாதிக் குடும்பங்கள் இருக்கும் சூளைக்குப் பக்கத்திலேயே ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் இருக்கும் சேம்பர் சூளையும் இருக்கும். ஒடியா தெரிந்த ஒருவர் கூட வராவிட்டால் மேஸ்திரியே மொழிபெயர்ப்பாளராக நிற்பார், வாக்குமூலம் அவர் வாயால்தான் பதிவாகும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஆதாரம் மேஸ்திரியின் நோட்டு. நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டுதான். பக்கத்தின் தலையில் குடும்பத் தலைவர் பெயரும் முன்பணமும். கீழே வாரவாரம் கொடுத்த செலவுக் காசு, அறுத்த கல் எண்ணிக்கை, அரிசி, மாத்திரை, ஊருக்குப் போன பஸ் காசு. மனைவியின் பெயர் பெரும்பாலும் இருக்காது, பிள்ளையின் பெயர் இருக்கவே இருக்காது. அவர்கள் அறுத்த கல் மட்டும் அந்த எண்ணிக்கைக்குள் இருக்கும். அந்தப் பக்கத்தைக் குடும்பத்தினர் யாராவது செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தால் விசாரணை பாதி முடிந்த மாதிரி.

மீட்பு நாளில் கவனிக்க வேண்டியவை. வெள்ளிக்கிழமை மாலை வேண்டாம். சனி, ஞாயிறு அலுவலகம் இல்லை, குடும்பங்கள் ஏதாவது சமுதாயக் கூடத்தில் இரண்டு நாள் கிடக்கும், அதற்குள் முதலாளியின் ஆள் வந்து பேச்சை மாற்றிவிடுவார். வாக்குமூலத்தைச் சூளையில் வைத்து எடுக்கக் கூடாது. தாலுகா அலுவலகத்துக்கோ ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கோ அழைத்து வந்து, குடும்பம் குடும்பமாகத் தனியாகக் கேட்க வேண்டும். கிளம்பும்போதே ஆதார், ரேஷன் கார்டு, பாத்திரம், துணிமணி, கோழி வரைக்கும் எடுத்து வண்டியில் ஏற்றிவிட வேண்டும். அதை எடுக்கத் திரும்பிப் போகிறவர்தான் மறுபடி மாட்டுகிறார். விடுவிப்புச் சான்று குடும்பத்துக்கு ஒன்று என்று கொடுத்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடக் கூடாது. வேலை செய்த ஒவ்வொருவருக்கும் தனிச் சான்று வேண்டும், பிள்ளைக்கும் சேர்த்து. அப்பா பெயரில் மட்டும் சான்று வந்தால் பிள்ளைக்குச் சேர வேண்டிய 2 லட்சம் அந்த இடத்திலேயே போய்விட்டது என்று அர்த்தம்.

வழக்கில் எந்தப் பிரிவுகள் என்பதும் முக்கியம். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு எந்த வேலையையும் தடுக்கிறது. 14 முதல் 18 வரை ஆபத்தான வேலைகளை மட்டும் தடுக்கிறது. பதினைந்து வயதுப் பையன் என்றதும் அதிகாரி தயங்குவது இதனால்தான். இளைஞர் நீதிச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு 18 வயது வரை பொருந்தும். பிள்ளையைக் கொத்தடிமையாக வைத்தாலோ, கூலியைப் பிடித்து வைத்தாலோ ஐந்து ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்ச ரூபாய் அபராதமும். பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பம் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(h) பிரிவையும் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கொத்தடிமைச் சட்டத்தில் மட்டும் வழக்குப் பதிந்தால் அபராதம் 2,000 ரூபாய்தான். அந்தத் தொகை 1976-க்குப் பிறகு மாறவில்லை. இதைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

தறி வீடு: ரெய்டு வேண்டாம்

பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், அந்தப் பக்கம் நகரி, புத்தூர் தெருக்களில் தறிச் சத்தம் கேட்காத நேரம் குறைவு. இங்கே பிள்ளை செய்வது தார் சுற்றுவது (ஊடை நூலைச் சிறு குழலில் சுற்றுவது), நூல் அறுந்தால் முடிவது, தறி ஓடும்போது காவல் நிற்பது. முதலாளி அப்பாவே. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்திருப்பதால், இதெல்லாம் சட்டப்படி சரிதான் என்று ஊரில் ஒரு நம்பிக்கை.

அது சரியல்ல. 2017-ஆம் ஆண்டு விதிகள் அந்த வாசலை மிகவும் குறுக்கிவிட்டன. பள்ளி நேரத்தில் கூடாது, மாலை 7 மணி முதல் காலை 8 மணி வரை கூடாது, ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. பிள்ளைக்கோ குடும்பத்துக்கோ வருமானம் தரும் உற்பத்தி வரிசையின் எந்தக் கட்டத்திலும் அந்த உதவி இருக்கக் கூடாது. மாஸ்டர் வீவர் கொடுத்த பாவும் ஊடையும் கூலிக்கு ஓடும் தறியில் தார் சுற்றுவது இந்தக் கடைசி நிபந்தனையிலேயே அடிபட்டுவிடும்.

சட்டம் பக்கத்தில் இருந்தாலும் தறி வீட்டுக்கு இன்ஸ்பெக்டரை அழைத்துப் போவது கடைசி வழியாக இருக்கட்டும். பெற்றோரை முதல் முறை தண்டிக்க முடியாது, தெருவே உங்களுக்கு எதிராகத் திரும்பும், அடுத்த நாள் கதவைச் சாத்திக்கொண்டு தறி ஓடும். இங்கே வலுவான ஆள் தலைமை ஆசிரியர். சொல்லாமல் தொடர்ந்து 30 நாள் வராத பிள்ளையைப் பற்றி அவர் குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கான மாவட்டப் பொறுப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும் என்று அதே 2017 விதிகள் சொல்கின்றன. பல பள்ளிகளில் இது தெரியாது. மாதம் இரண்டு நாள் வந்துவிட்டுப் போகும் பிள்ளை இந்த 30 நாள் வலையில் சிக்காது என்பதால், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாரவாரம் வருகைப் பதிவேட்டைப் பார்த்து, மாதத்தில் ஐந்து நாளுக்கு மேல் வராதவர் பட்டியலை எடுத்துவிட வேண்டும். காலைப் பாடத்தில் தூங்கி விழும் பிள்ளை ராத்திரித் தறியில் நின்ற பிள்ளையாக இருக்கலாம். பட்டியலோடு மகளிர் குழு வீட்டுக்குப் போய்ப் பேசினால் பலன் இருக்கும். தார் சுற்ற ஒரு மோட்டார் ராட்டை வாங்கக் குழுவில் கடன் கொடுத்தால் அந்தப் பிள்ளையின் வேலையே அங்கே தேவைப்படாமல் போகும்.

ஓட்டல், பட்டறை, மளிகைக் கடை

இதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. பெற்றோர் பக்கத்தில் இல்லை, முதலாளி வெளியாள், பிள்ளை தனி. 1098 அல்லது குழந்தைத் தொழிலாளர் புகாருக்கான மத்திய அரசின் பென்சில் (PENCIL) இணையதளம். பென்சிலில் போட்ட புகாரை மாவட்டப் பொறுப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் சரிபார்க்க வேண்டும். புகாருக்கு எண் கிடைக்கும் என்பதால் பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க வசதி. அவசரமென்றால் 1098, எழுத்துத் தடம் வேண்டுமென்றால் பென்சில், இரண்டும் செய்தால் இன்னும் நல்லது. 14-க்குக் கீழ் வேலைக்கு வைத்தவருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத் தொகை பிள்ளையின் மறுவாழ்வு நிதிக்குப் போகும்; அரசு தன் பங்காக 15,000 ரூபாய் சேர்க்க வேண்டும்.

தகராறு வயதில்தான் வரும். பதினைந்து ஆகிவிட்டது என்பார் முதலாளி. ஆதாரில் ஜனவரி 1 என்று இருந்தால் அது குத்துமதிப்பாகப் போட்ட தேதியாக இருக்கலாம், அதை நம்பி விட்டுவிடக் கூடாது. பள்ளிச் சான்று முதலில், அது இல்லாவிட்டால் உள்ளாட்சி கொடுத்த பிறப்புச் சான்று, அதுவும் இல்லாவிட்டால் மட்டுமே எலும்பு வயதுப் பரிசோதனை என்பது இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு வைத்த வரிசை. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டு நகல் ஒன்று கையில் இருந்தால் தகராறு அங்கேயே முடியும்.

பதினான்கைத் தாண்டியவர் பட்டறையில் இருப்பது தானாகவே குற்றமாகிவிடாது. ஓய்வு நேரம் சேர்த்து நாளுக்கு ஆறு மணி நேரம்தான், மாலை 7-க்கு மேல் கூடாது, வாரம் ஒரு நாள் விடுமுறை. இவர்களைப் பத்தாம் வகுப்புக்குத் திரும்ப அனுப்பப் போராடுவதைவிட, எட்டாவது முடித்திருந்தால் எட்டாவது தகுதிக்கு உரிய பிரிவு உள்ள அரசு ஐ.டி.ஐ.யில் சேர்ப்பது பல நேரம் நிலைக்கிறது. அரசு ஐ.டி.ஐ.யில் கட்டணம் இல்லை, மாத உதவித்தொகை உண்டு, அதே ஸ்பேனர் கையில் சான்றிதழும் சேரும்.

வெளியே வந்த பிள்ளையை எங்கே சேர்ப்பது?

நான்கு வழிகள் பேச்சில் வரும்: பக்கத்து அரசுப் பள்ளியில் வயதுக்கேற்ற வகுப்பில் நேரடிச் சேர்க்கை, தங்கிப் படிக்கும் சிறப்புப் பயிற்சி மையம், சூளை வாசலிலேயே மையம், இரவுப் பள்ளி.

இரவுப் பள்ளியை ஒதுக்கிவிடலாம். பகலெல்லாம் கல் சுமந்த பிள்ளைக்கு ராத்திரி எழுத்து ஏறாது, பகல் வேலைக்கு அது ஒரு அனுமதிச் சீட்டாகவும் ஆகிவிடும். 1991-ல் ரங்காரெட்டி மாவட்டத்தில் இந்த வேலையைத் தொடங்கிய எம்.வி. ஃபவுண்டேஷன், சாந்தா சின்ஹா தலைமையில், பள்ளியில் இல்லாத பிள்ளை எல்லாமே குழந்தைத் தொழிலாளர்தான், அவர்களுக்கு வேண்டியது முழுநேரப் பகல் பள்ளிதான் என்று உறுதியாக நின்றது. எல்லையோர அனுபவமும் அவர்கள் பக்கமே.

ஐந்து முதல் ஒன்பது வயது வரை உள்ள பிள்ளைக்கு நேரடிச் சேர்க்கையே நல்லது. கல்வி உரிமைச் சட்டப்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, குறைந்தது மூன்று மாதம், அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறப்புப் பயிற்சி அந்தப் பள்ளியிலேயே கொடுக்கலாம். டி.சி. இல்லை, பிறப்புச் சான்று இல்லை, ஆண்டின் நடுவில் வந்துவிட்டார்கள் என்று எந்தக் காரணத்துக்கும் திருப்பி அனுப்ப முடியாது. தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் இருக்கிறது. விடியுமுன் வேலைக்குக் கிளம்பும் தாய்க்கு அது சிறிய விஷயமில்லை.

பத்து வயது தாண்டி எழுத்தே தெரியாத பிள்ளையை ஐந்தாம் வகுப்பில் உட்கார வைத்தால் வெட்கத்திலேயே ஓடிவிடும். பத்து முதல் பதினான்கு வரை உள்ளவர்களுக்கு, அதிலும் இரண்டு மூன்று வருடம் வெளியில் இருந்தவர்களுக்கு, தங்கிப் படிக்கும் மையம்தான் பொருத்தம். பழைய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டப் பள்ளிகளைத் தேடி அலைய வேண்டாம். 2021-ல் அந்தத் திட்டத்தைப் பள்ளிக் கல்விக்கான மத்தியத் திட்டமான சமக்ர சிக்ஷாவில் சேர்த்துவிட்டார்கள். இப்போது கேட்க வேண்டிய இடம் வட்டார வள மையம். பெண் பிள்ளைகளுக்குக் கஸ்தூரிபா காந்தி உண்டு உறைவிடப் பள்ளி. பழங்குடிப் பிள்ளைக்கு உண்டு உறைவிடப் பள்ளியில் சேர சாதிச் சான்று கேட்பார்கள். இருளர்களுக்கு அதை வழங்குவதும் ஆர்.டி.ஓ.தான் என்பதால் விடுவிப்புச் சான்றுக்குப் போன அன்றே அந்த மனுவையும் கொடுத்துவிட வேண்டும். மையத்தில் சேர்த்தவுடன் வேலை முடிந்ததென்று விடக் கூடாது. மையத்தில் நன்றாகப் படித்த பிள்ளை, அதிலிருந்து ஆறாம், ஏழாம் வகுப்புக்கு மாறும் ஜூன் மாதத்தில்தான் நழுவும்.

சூளை வாசல் மையம் ஒடிசாக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வேறு வழி இல்லாதபோது மட்டும். தாய்மொழியில் சொல்லித்தர ஆள் கிடைக்கிறது, சிறு பிள்ளைக்குப் பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் அழைத்தால் கேட்கும் தூரத்தில் பிள்ளை இருந்தால் கல் புரட்ட அழைப்பார்கள். பக்கத்துப் பள்ளிக்கு ஒரு வேன் ஏற்பாடு செய்ய முடிந்தால் அதுவே மேல்.

பள்ளி ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது; சூளை பொங்கலுக்குப் பிறகு ஜூன் வரை. ஜூனில் சேர்ந்த பிள்ளை ஜனவரி கடைசியில் காணாமல் போவதும், பதிவேட்டில் மாணவராகவே இருப்பதும் இதனால்தான். ஆகவே நேரடிச் சேர்க்கையைத் தேர்ந்தெடுத்தால் டிசம்பரிலேயே இன்னொரு முடிவையும் எடுக்க வேண்டும். பெற்றோர் இந்த வருடமும் போகிறார்கள் என்றால் பிள்ளை தாத்தா பாட்டியோடு ஊரில் இருக்குமா, நலத்துறை விடுதியா, இடம்பெயரும் குடும்பங்களுக்கான பருவகால விடுதியா? பருவகால விடுதிக்கு சமக்ர சிக்ஷாவில் இடம் இருக்கிறது. ஆனால் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலோடு வட்டார வள மையத்தில் முன்கூட்டியே கேட்டால்தான் நடக்கும். மேஸ்திரி முன்பணத்தோடு வருவதற்குள் அந்தப் பட்டியல் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் மீட்டால்

1960 ஏப்ரலில் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, சத்தியவேடு அந்தப் பக்கம் போனது. பெண் கொடுத்து எடுப்பதும் கூலிக்குப் போய்வருவதும் அதற்குப் பிறகும் நிற்கவில்லை. காகிதம் மட்டும் எல்லையில் நின்றுவிடுகிறது.

பள்ளிப்பட்டுக் குடும்பம் சத்தியவேட்டுச் சூளையில் இருந்தால் மனு திருப்பதி மாவட்டத்துக்குத்தான். விடுவிப்புச் சான்றையும் அந்த மாவட்ட அதிகாரியே கொடுக்க வேண்டும். ஊருக்குக் கூட்டிவந்து இங்கே வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டால், எங்கள் எல்லைக்குள் நடந்த சம்பவம் இல்லை என்று இங்கே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அங்கே தாசில்தாரை எம்.ஆர்.ஓ. என்றே சொல்வார்கள், மனு தெலுங்கில் ஒரு பிரதி இருந்தால் வேலை வேகமாக நடக்கும். சான்றின் நகலைத் திருவள்ளூர் ஆட்சியருக்கு அனுப்பச் சொல்லிக் கேட்பதோடு, நீங்களும் ஒரு நகலைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

பெற்றோர் இல்லாமல் மீட்கப்பட்ட பிள்ளையை அந்த மாவட்டக் குழந்தைகள் நலக் குழு சொந்த மாவட்டக் குழுவுக்கு மாற்ற முடியும் (இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 95). சமூக விசாரணை அறிக்கைக்கு 15 நாள், இறுதி உத்தரவுக்கு நான்கு மாதம் என்பது சட்டம் வைத்த கெடு. அறிக்கைக்காக இங்குள்ள வீட்டை வந்து பார்க்கும் நாளில் தாய் வீட்டில் இருந்தால், வீட்டு வாசலுக்குப் பள்ளித் தலைமை ஆசிரியரும் வந்து சேர்க்கைக் கடிதம் கொடுத்தால், மாற்றம் சீக்கிரம் நடக்கும்.

படிப்பு மொழி இன்னொன்று. அந்தப் பக்கத்துப் பள்ளியில் இரண்டு வருடம் தெலுங்கில் படித்த பிள்ளையைத் தமிழ் எழுத்துத் தெரியாது என்பதற்காக ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்கிறார்கள். வயதுக்கேற்ற வகுப்புதான் சட்டம். தமிழுக்கு மட்டும் சிறப்புப் பயிற்சி கேட்கலாம். பள்ளிப்பட்டு, திருத்தணிப் பக்கம் தெலுங்குவழிப் பிரிவு உள்ள பள்ளி எட்டும் தூரத்தில் இருந்தால் அதையும் பெற்றோரிடம் சொல்ல வேண்டும்.

கிளம்பும்போது கையில் இருக்க வேண்டியவை: ஆளுக்கொரு விடுவிப்புச் சான்றின் அசல், முதல் தகவல் அறிக்கையின் நகல் (பணம் கட்டத் தேவையில்லை), நலக் குழு உத்தரவு, அங்கே படித்திருந்தால் அந்தப் பள்ளியின் சேர்க்கை எண், பிள்ளையும் தாயும் சேர்ந்து தொடங்கிய வங்கிக் கணக்கின் புத்தகம். தந்தை பெயரில் மட்டும் உள்ள கணக்குக்குப் பிள்ளையின் பணத்தைப் போடச் சொல்ல வேண்டாம். குழந்தைக்கான 2 லட்சத்தில் 1.25 லட்சத்தைப் பிள்ளை பெயரில் ஆண்டுத்தொகைத் திட்டத்தில் வைத்து, 75,000-ஐ மட்டுமே கணக்கில் போட வேண்டும் என்று திட்ட விதி இருக்கிறது. உத்தரவில் இந்தப் பிரிப்பு எழுதியிருக்கிறதா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தை விட்டு வரும் முன்பே வாசித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.